தட்டினால் கிட்டே, அணைத்தால் தூரம்

குவின்சி ஆர்செனோ முட்டை தின்றுகொண்டிருக்கும்போது அவன் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டார்கள்.

பெல்டேர் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடம். ஆகஸ்ட் மாதத்துக் காலைப் பயிற்சி முடிந்து, உடம்பெல்லாம் உப்பு பூத்து, அமெரிக்கக் கால்பந்து அணிப் பையன்கள் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பந்தை எறிகிறவர்கள், பிடிக்கிறவர்கள், தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம். அவர்களைத் தடுக்கிற டிஃபென்ஸ் ஆட்கள் சுவர்ப் பக்கம். யாரும் போட்ட சட்டமில்லை, ஆனாலும் அப்படித்தான் உட்காருவார்கள். டிஃபென்ஸ் கோச் ரிடோ சுவர்ப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து குவின்சிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டபோது ஜன்னல் பக்கத்துப் பேச்சு சட்டென்று குறைந்தது.

"சாப்பிடு, சாப்பிடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார் ரிடோ. அடுத்த மூச்சிலேயே சொன்னார்: "நாளையிலேருந்து நீ என்கிட்ட. கார்னர் ஆடறே."

"யாரு, நானா?"

"ரெண்டு பையனுக்கு முட்டி போயிடுச்சு. எனக்கு ஓடற கால் வேணும். உனக்கு இருக்கு."

"கோச், நான் ரிசீவர். சின்ன வயசுலேருந்து பந்து பிடிக்கிறதுதான் என் வேலை."

"தெரியும்பா. உன் காலு தங்கம். ஆனா கை..." ரிடோ நிறுத்திக்கொண்டார். அவர் நல்ல மனுஷர்.

அவர் சொல்லாமல் விட்டதை ஊரே சொல்லிவிட்டது. போன நவம்பரில் கடைசி ஆட்டத்தில், யாருமில்லாத இடத்தில் தனியாக நின்றபோது, தன் மார்பிலேயே வந்து விழுந்த பந்தைக் குவின்சி நழுவவிட்டான். பெட்ரோல் போடப் போனால்கூட கல்லாவில் இருக்கும் பெண் மீதிச் சில்லறையை அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டுத்தான் கையை எடுப்பாள்.

சுவர்ப் பக்கத்திலிருந்து ஜவாரிஸ் கத்தினான். பின்வரிசையைக் காக்கும் தடியன், வாய் மட்டும் தனியாக ஓடும். "வா மச்சான், வா! எங்க பக்கம் பந்தைப் பிடிக்கவே வேணாம். கீழ தட்டிவிட்டா போதும். அதுல உன்னை மிஞ்ச ஆளே கிடையாது!"

கூடமே சிரித்தது. குவின்சியும் சிரித்தான். தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

அன்றைக்கு அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அறைக்குப் போனான், வெளியே வந்தான், படிக்கட்டில் ஏறி இறங்கினான். அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தவன் டேட் கிட்ரி. அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிகிறவன். இருவரும் யூனிஸ் ஊர்ப் பையன்கள். டேட்டின் மாமா வீட்டுக்குப் பின்னால், நெல் வயலுக்கும், கிராஃபிஷ் என்கிற நன்னீர் இறால் வளர்க்கும் குட்டைக்கும் நடுவே போகும் மண்பாதையில் டேட் எறிய, குவின்சி ஓட, அப்படியே வளர்ந்தவர்கள். ஒருவன் வருவானென்றுதான் இன்னொருவனும் பெல்டேருக்கு வந்தான்.

"கொஞ்சம் உக்காருடா, தலை சுத்துது" என்றான் டேட்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேன்." டேட் தலையணையைத் தூக்கி அவன் மேல் எறிந்தான். "பரவால்ல விடு. இனிமே தினம் உன் தலைக்கு மேலயே எறியறேன். பழைய பாசத்துக்கு."

ரிசீவருக்குத் தான் எங்கே போகப்போகிறோம் என்று தெரியும். ரிசீவரைத் தடுக்க ஓரத்தில் நிற்கும் கார்னருக்குத் தெரியாது. எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் பாய்வானோ என்று முகத்தை அவன் பக்கம் வைத்துக்கொண்டே பின்னோக்கி ஓட வேண்டும்; அவன் திரும்பும்போது கூடவே திரும்ப வேண்டும்; அவன் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே விழுந்து சாய்க்கவும் வேண்டும். குவின்சி வாழ்நாளெல்லாம் அடியிலிருந்து தப்பித்து ஓடியவன். இப்போது அடியைத் தேடிப் போகச் சொன்னார்கள். முதல் வாரம் அவன் யாரையாவது இடித்து விழும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டான். ரிடோ அதைக் கண்டுபிடித்து, "தூங்கறதுக்கா வந்தே?" என்று மைதானம் கேட்கக் கத்தினார்.

பின்னோக்கி ஓடுவது அதைவிடப் பெரிய தொல்லை. பழக்கம் வரட்டுமென்று விடுதி நடைபாதையில் பின்னால் நடந்தான். வகுப்புக்குப் போகிற வழியில் நடந்தான். நூலகத்து வாசலில் ஒரு பேராசிரியையின் காபியைக் கொட்டினான். ஜவாரிஸ் அவனுக்குக் 'கிராஃபிஷ்' என்று பெயர் வைத்தான். அந்தப் பக்கத்துக் குட்டைகளில் கிராஃபிஷ் பயந்தால் பின்னால்தான் பாயும். இரண்டே நாளில் சமையல்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அம்மா வெர்லீன் போன் செய்தாள். யூனிஸில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல்.

"பின்னாடியே நடக்கிறியாமே? உன்கூட ஆடற பேட்டனோட அம்மா சொன்னா. கிறுக்குப் பிடிச்சிடுச்சாடா உனக்கு?"

"கார்னர் ஆடறேன்மா. அப்படித்தான் ஓடணும்."

"அது சரி. உன் அப்பனும் பின்னாடியேதான் நடந்து நடந்து டெக்ஸஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்தான்." கொஞ்சம் நிறுத்தி, "அழறியா?" என்றாள்.

"இல்லம்மா."

"அழறதுன்னா அழுதுட்டு சாப்பிடு. சாப்பிட்டுட்டு அழாதே, செரிக்காது."

பத்துப் பன்னிரண்டு நாள் அவனை எல்லோரும் தாண்டிப் போனார்கள். புதிதாய்ச் சேர்ந்த பையன்கள்கூட அவனை இந்தப் பக்கம் ஏமாற்றி அந்தப் பக்கம் ஓடினார்கள். டேட் சொன்னபடியே அவன் தலைக்கு மேல் எறிந்தான். எறிந்துவிட்டு நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்பதுபோல் குனிவான். குவின்சி கெட்ட வார்த்தையில் பதில் சொல்வான். அது வரைக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தபோது, டேட் பந்தை வாங்கிப் பின்னால் நகர்ந்து இடது உள்ளங்கையால் அதை லேசாகத் தட்டினான். குவின்சியின் கால்கள் அவனைக் கேட்காமலே முன்னால் பாய்ந்தன. பந்து ஓரத்துக்கு வந்தது. அங்கே ரிசீவருக்கு முன்னால் குவின்சி நின்றிருந்தான். பிடித்தான். நழுவவில்லை. எதிர்த்திசையில் ஓடிக் கோட்டைத் தாண்டியபிறகும் நிற்காமல் வேலி வரை ஓடினான்.

டிஃபென்ஸ் மொத்தமும் வந்து அவன் மேல் விழுந்தது. "கிராஃபிஷ்! கிராஃபிஷ்!"

தலைகளுக்கு அடியில், சேற்றில் முகம் புதைந்து கிடக்கும்போதுதான் குவின்சிக்கு உறைத்தது: அவனுக்கு இது எப்போதுமே தெரியும். டேட் பந்தைத் தட்டினால் கிட்டே, ஓரத்துக்கு எறிவான். தட்டாமல் மார்போடு அணைத்துப் பிடித்தால் தூரம் எறிவான். அந்த மண்பாதையிலிருந்தே அப்படித்தான். பிடிக்கிறவனாக இருந்தவரை அது ஒரு தகவலாகவே தோன்றவில்லை. எதிரே நின்ற பிறகுதான் அது ஒரு சாவியானது.

அடுத்த நாள் இன்னொன்றைப் பிடித்தான். மறுநாள் இரண்டு.

"எப்படிடா கண்டுபிடிக்கிறே?" என்று ரிடோ கேட்டார். கண்ணில் தீபாவளி.

"தெரியல கோச். தோணுது."

முதல் வரிசையில் அவனுக்கு இடம் கிடைத்தது. ஜவாரிஸ் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் போட்டான். பெட்ரோல் கடைப் பெண் சில்லறையைத் தூக்கிப் போட்டாள், பிடித்தான். அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கால் மட்டும் ஓயவில்லை. வகுப்பில் மேசைக்கடியில் முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவள் தன் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாள்.

ஏனென்றால் இன்னொரு பக்கம் டேட் உதிர்ந்துகொண்டிருந்தான். குவின்சி ஒன்றைப் பிடித்தால், அடுத்த பந்தை டேட் தயங்கி எறிந்தான். தயங்கி எறிந்ததை வேறு யாராவது பிடித்தார்கள். தலைமைக் கோச் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். அவருக்குப் பக்கத்தில் கோல்பி என்கிற இரண்டாவது குவார்ட்டர்பேக் நிற்க ஆரம்பித்தான். அறையில் டேட் தன் வலது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"கை போயிடுச்சுன்னு நினைக்கிறேன் குவின்" என்றான் ஒரு நாள். "பந்து கையை விட்டுப் போறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரிஞ்சுடுது. மெதுவாயிட்டேன் போல."

குவின்சி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினான். "ஒரு மோசமான வாரம். அவ்வளவுதான்" என்றான்.

சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் சொல்லிவிட்டால் தன்னிடம் என்ன மிச்சம்? அந்த ஒரு தட்டலை விட்டால் அவன் மறுபடி எல்லோரும் தாண்டிப் போகிற ஆள். நாளைக்குச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளினான். முதல் ஆட்டம் நெருங்கும் வரை தள்ளினான்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை இருவரும் யூனிஸுக்குப் போனார்கள். வெர்லீன் மாட்டுக்கறிக் குழம்பும் சோறும் ஆக்கி வைத்திருந்தாள். டேட்டுக்கு முதலில் பரிமாறினாள், எப்போதும் அப்படித்தான்.

"ஏன்டா இப்படி இளைச்சுப் போயிட்டே? அங்க சோறு போடலையா?" என்று டேட்டின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். "இவனைப் பாரு, பேப்பர்ல எல்லாம் பேரு வருது. நீதான் இவனைக் கைப்பிடிச்சு அந்தக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனே. அதை மறந்துடாதேன்னு இவன்கிட்ட தினம் சொல்றேன்."

"அவன் மறக்க மாட்டான் ஆன்ட்டி" என்றான் டேட்.

குவின்சி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

"முள்ளு மேலயா உக்காந்திருக்கே?" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது டேட்டின் டிரக்கில், இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள் போய்க்கொண்டிருக்க, குவின்சி சொன்னான். முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ பந்தைத் தட்டறே."

"என்ன?"

"கிட்ட எறியறதுக்கு முன்னாடி பந்தை ஒரு தட்டு தட்டறே. தூரம்னா தட்டறதில்ல, அணைச்சுப் பிடிக்கிறே. உன் கை ஒண்ணும் போகல. அதைப் பாத்துத்தான் நான் வர்றேன்."

டேட் வேகத்தைக் குறைத்தான். பிறகு டிரக்கை ஓரம் கட்டினான்.

"எப்போலேருந்து தெரியும்?"

"எப்பவுமே தெரியும். ஆனா தெரியும்னு தெரிஞ்சது... அந்த மழை அன்னிக்கு."

"அது மூணு வாரம் ஆச்சு."

"ஆமா."

"மூணு வாரமா நான் தோளுக்கு ஐஸ் வெச்சிட்டிருக்கேன். நீ பக்கத்துக் கட்டில்ல படுத்துட்டு அதைப் பாத்துட்டிருந்தே."

"டேட், எனக்கும் வேற வழி..."

"அந்த ஐஸை ஒரு நாள் நீயே கொண்டுவந்து குடுத்தேடா!"

அது உண்மை. டேட் இறங்கி டிரக்கைச் சுற்றி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தான். அடிக்கப்போகிறான் என்று குவின்சி நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். டேட் அடிக்கவில்லை. "இறங்கு. உன் கால்தான் தங்கமாச்சே. நடந்து வா" என்றான்.

குவின்சி நடந்தான். நல்ல வேளையாகக் கல்லூரி எல்லை வந்துவிட்டிருந்தது. அறைக்குப் போனபோது டேட்டின் தலையணையும் போர்வையும் இல்லை.

தெரிந்துகொண்டது டேட்டுக்கு உதவவில்லை, கெடுத்தது. தட்டக் கூடாது என்று நினைத்து நினைத்துக் கை கட்டுப்பட்டுப் போயிற்று. நினைக்காமல் வந்துகொண்டிருந்தது நினைத்ததும் நின்றுவிட்டது. பந்து தாமதமாகப் போனது, தரையில் போனது. வியாழக்கிழமை தலைமைக் கோச் கோல்பியின் பெயரைச் சொன்னார். டேட் தலையசைத்தான், அவ்வளவுதான். குவின்சி பக்கம் திரும்பவே இல்லை.

சனிக்கிழமை ஆட்டம் சொந்த மைதானத்தில். ஆர்கன்ஸாவிலிருந்து வந்த அணி. மைதானத்துக்கு வெளியே மதியத்திலிருந்தே அடுப்பு மூட்டி, சோறும் கறியும் அடைத்த பூடான் சாசேஜ் சுட்டு, பீர் குடித்து, ஊரே கூடியிருந்தது. வெர்லீன் பேருந்து ஹாரனையே கையில் எடுத்து வந்ததுபோல் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கத்தினாள்.

முதல் கால்மணியிலேயே குவின்சி மாட்டினான். எதிரணி குவார்ட்டர்பேக் ஒரு நெட்டையன். குவின்சி பழக்கத்தில் அவன் கைகளையே பார்த்தான். தட்டுவானா, அணைப்பானா? அவன் இரண்டுமே செய்யவில்லை. அவன் யாரோ ஓர் அந்நியன். குவின்சி அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிசீவர் அவனைத் தாண்டிப் போய்விட்டான். பந்து போனது, ஆறு புள்ளி போனது.

சிறிது நேரத்தில் இன்னொரு முறை அதேபோல். இந்த முறை பின்னாலிருந்து ஜவாரிஸ் ஓடிவந்து சாய்த்ததால் மானம் தப்பியது.

"யாரைப் பாத்துட்டு நிக்கிறே?" ரிடோவின் எச்சில் முகத்தில் தெறித்தது. "உன் ஆளு ஓடறான், நீ என்ன படமா பாக்கறே?"

இடைவேளையில் உடை மாற்றும் அறையில் குவின்சி நடந்துகொண்டே இருந்தான். சுவர் வரை போவான், திரும்புவான். யாரோ தோளில் பிடித்து நிறுத்தினார்கள். டேட். அவன் சீருடையில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

"நான் உன்னோட பேசல" என்றான் டேட்.

"சரி."

"ஆனா உங்க அம்மா கத்தறது தாங்கல. கேளு. அவன் நான் இல்லடா. அவன் கையை எதுக்குப் பாக்குறே? அவனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான்..."

"யாரைப் பத்தித் தெரியுமோ அவனைப் பாரு. உன் எதிர்ல ஓடறவனைப் பாரு. நீ அந்த வேலையைத்தான் இவ்வளவு நாள் பாத்தே. சட்டுனு திரும்பறதுக்கு முன்னாடி நீ என்ன பண்ணுவே?"

குவின்சி யோசித்தான். "கால் எட்டைக் குறுக்குவேன். இடுப்பு கொஞ்சம் இறங்கும்."

"அப்புறம் என்ன கேள்வி?" டேட் கையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் பாதியில் குவின்சி எறிகிறவனைப் பார்க்கவே இல்லை. தன் எதிரே ஓடுகிறவனின் இடுப்பைப் பார்த்தான். அவன் வேகமாக வருவான். எட்டு நீளமாக இருக்கும்வரை குவின்சியும் பின்வாங்குவான். எட்டு குறுகியதும் குவின்சி நிற்பான். தன்னைத் தானே துரத்துவது போலிருந்தது. ஒரு பந்தைத் தட்டிவிட்டான். இன்னொன்றுக்குத் தாமதமானான், ரிசீவர் பிடித்துத் திரும்பும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அவன் மேல் விழுந்தான். தோள் எரிந்தது. கீழே கிடந்தவன், "பலமாத்தான் இடிக்கிறே" என்றான். குவின்சிக்கு வாழ்நாளில் அப்படியொரு பாராட்டு கிடைத்ததில்லை.

ஆட்டத்தில் தோற்றார்கள். கோல்பி எறிந்த இரண்டு பந்துகள் எதிரணிக் கைக்குப் போயின. குவின்சி விட்ட அந்த ஆறு புள்ளியும் தோல்வியில் சேர்ந்துதான் இருந்தது. ஊர்க்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு முனகிக்கொண்டே போனார்கள்.

ஞாயிறு காலை கதவு தட்டப்பட்டது. டேட் நின்றான், கையில் பந்து. பின்னால் ஜவாரிஸ், முகத்தில் தூக்கமும் எரிச்சலும்.

"எழுந்திரு. எனக்கு எதிர்ல நில்லு. நான் எறியறதுக்கு முன்னாடி, எங்க போகுதுன்னு நீ கத்தணும். ஒவ்வொண்ணுக்கும். நீ சரியா சொல்றது நிக்கிற வரைக்கும் நான் எறியப்போறேன்."

குவின்சிக்குப் புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து ஷூவைத் தேடினான். பக்கத்திலேயே இருந்தது, கண்ணில் படவில்லை.

"நான் எதுக்கு ஓடணும்?" என்றான் ஜவாரிஸ். "நான் சர்ச்சுக்குப் போற பையன்."

"நீ போனா பாதிரியாரே பயப்படுவாரு. வா" என்றான் டேட்.

மைதானத்தில் புல் ஈரமாக இருந்தது. ஜவாரிஸ் ஓடினான், திட்டிக்கொண்டே. டேட் பந்தைத் தட்டினான். "கிட்டே!" என்று குவின்சி கத்தினான். அணைத்தான். "தூரம்!" தட்டாமல் அடக்கினான், ஆனால் விரல்கள் துடித்தன. "கிட்டே!" டேட் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தான். எடுத்தான். மறுபடி.

பிறகு டேட் வேறொன்று செய்து பார்த்தான். அடக்குவதை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் தட்டினான். கிட்டேயானாலும் தட்டு, தூரமானாலும் தட்டு. முதலில் தூரத்துத் தட்டு போலியாக இருந்தது. குவின்சி சிரித்தபடியே சரியாகச் சொன்னான். வெயில் ஏற ஏறப் போலி குறைந்தது. கை இளகியது. பந்து பழைய மாதிரி சீறிக்கொண்டு போனது.

டேட் தட்டினான்.

"கிட்டே!" என்று கத்திக்கொண்டு குவின்சி முன்னால் பாய்ந்தான். பந்து அவன் தலைக்கு மேலே, வெகு மேலே, ஜவாரிஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. திரும்ப முயன்று கால் வழுக்கி, ஈரப் புல்லில் மல்லாந்து விழுந்தான்.

டேட் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மைதானம் முழுக்க ஓடினான். கத்தினான். குட்டைக்கரைப் பையனாகக் கத்தினான். ஓடிவந்து குவின்சியின் மேலேயே விழுந்தான். ஒரு வாரத்துக் கோபமும் அந்த முழங்கையில் இருந்தது, விலா வலித்தது.

"இன்னும் கோவமா?" என்று கேட்டான் குவின்சி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஆமா." டேட் உருண்டு பக்கத்தில் படுத்தான். "தீரும். கொஞ்ச நாள் ஆகும்."

மூன்றாவது ஆட்டத்தில் டேட்டுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. தலையணை அக்டோபரில்தான் அறைக்குத் திரும்பி வந்தது. குவின்சியைப் பயிற்சியில் மறுபடி எல்லோரும் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். ரிடோ அவனை ஓர் ஆட்டம் உட்கார வைத்தார், பிறகு வேறு ஆளில்லாமல் எழுப்பினார். அதற்குள் அவன் இடுப்புகளைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தான், ஒவ்வொன்றாக, தப்புத்தப்பாக.

ஆனால் அந்த ஞாயிறு காலை அதெல்லாம் அவனுக்குத் தெரியாது. கையில் இருந்த ஒரே சாவியைக் கொடுத்தாகிவிட்டது. எழுந்து, முதுகில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, நிற்க முடியாமல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"ஜவாரிஸ், இங்க வா" என்றான். "எனக்கு எதிர்ல ஓடு. எந்தப் பக்கம் திரும்பப்போறேன்னு மட்டும் சொல்லாதே."